கந்தகச் சுவரோரம்

பஞ்சம்மாள் போடி கடைவீதியில் நடந்து போனால், எங்கேயோ கல்யாண வீட்டில் பாயசம் இறக்கிவிட்டார்கள் என்று நினைத்து ஜனங்கள் இலையை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அவள் குளித்த தண்ணீர் கொட்டகுடி ஆற்றில் கலந்தால் தேனி வரைக்கும் ஆறு மணக்கும். தேனிக்காரர்கள் அதை அப்படியே காய்ச்சி, கருப்பட்டி மட்டும் தட்டிப் போட்டுக் குடித்துவிடுவார்கள்.

சரி, கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஆறு என்றைக்கும் மணந்ததில்லை. இலை விரித்து உட்கார்ந்ததும் ஒரே ஒருவர்தான். அவர் சாம்பிராணிப் புகைக்கே இலை போடுகிற ஆள். ஆனால் ஏலக்காய் வாசனை பஞ்சம்மாளை விட்டு விலகியதில்லை என்பது மட்டும் சத்தியம். தலைமுடியில், நகக்கண்ணில், சேலை முந்தியில், அவள் கிண்டி வைக்கிற கேப்பைக் களியில்கூட அந்த வாசனை இருந்தது. ஊரே மூச்சை இழுத்து ரசிக்கிற வாசனை. அதைச் சுமந்து திரிந்த உடம்பை மட்டும் ஊர் தள்ளி நிற்கச் சொன்னது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்ச வருஷம் முந்திய காலம் அது. மலையில் விளைந்த ஏலக்காய், கழுதை முதுகிலும் ஆள் தலையிலும் ஏறி, போடிமெட்டுப் பாதையில் வளைந்து வளைந்து இறங்கும். ரயிலேறுவதற்கு முன்னால் ஊருக்குள் இருந்த சரக்குக் கிட்டங்கிகளில் தங்கும். அப்படி ஒரு கிட்டங்கியில்தான் பஞ்சம்மாளுக்கு வேலை. முதலாளி பெயர் ஏசுதாசன். அவருடைய அப்பா கட்டியது. நீளமான ஓட்டுக் கட்டடம், கிழக்குச் சுவரில் மட்டும் வரிசையாக ஜன்னல். மேற்கே சுவருக்கு அந்தப் பக்கம் கந்தக அறை. காய்க்கு ஈரம் தெளித்துத் தட்டுகளில் பரப்பி, கந்தகத்தைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், வெளிறிய காயெல்லாம் வெள்ளைக் காயாக வெளியே வரும். கடலுக்கு அந்தப் பக்கம் சிலருக்கு ஏலக்காய் வெள்ளையாக இருந்தால்தான் தொண்டையில் இறங்குமாம். மனிதர்களையே வெளுப்புப் பார்த்து மதிக்கிறவர்கள் ஏலக்காயை விடுவார்களா?

கிட்டங்கிக்குள் பெண்கள் மூன்று வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். ஜன்னலோரம் முதல் வரிசை. அதில் மேஸ்திரி மொக்கைச்சாமியின் கொழுந்தியாள், சித்தி மகள், அவர் தெருப் பெண்கள். நடு வரிசையில் மற்றத் தெருக்காரர்கள். கடைசி வரிசை, கந்தக அறைச் சுவரில் முதுகு சாய, சேரிப் பெண்கள். இப்படி உட்காருங்கள் என்று யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. கிட்டங்கி திறந்த அன்றைக்குப் பெண்கள் உள்ளே வந்து, தெருவில் எப்படி விலகி நடப்பார்களோ அப்படியே விலகி உட்கார்ந்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குக் கொம்பு முளைத்துவிடும், பிறகு யாரும் கிட்டப் போவதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருத்திக்கு முடியாமல் போனால் அவள் உட்கார்ந்த இடம் அவள் மகளுக்கு. மகள் இல்லையென்றால் மருமகளுக்கு. வெண்கலப் பானை, பித்தளைச் செம்பு என்று சீர் எண்ணுகிற வரிசையில் ‘பெண்ணுக்கு ஜன்னலோர இடம் உண்டு’ என்று பேசி முடித்த கல்யாணம்கூட உண்டு என்பார்கள். பஞ்சம்மாளின் அம்மா கந்தகச் சுவரோரம் உட்கார்ந்தாள். அவள் போனபிறகு, சிமெண்டுத் தரையில் அவள் உட்கார்ந்து வழவழத்த அதே இடத்தில் பஞ்சம்மாள் உட்கார்ந்தாள்.

வேலை என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். முறத்தை அங்கே சுளகு என்பார்கள். அதில் காயைப் பரப்ப வேண்டும். பச்சை குறையாத முழுக்காய் ஒரு கூடை. வெளிறியது ஒரு கூடை. அது கந்தக அறைக்குப் போகும். வெடித்தது, சொறி பிடித்தது, சூம்பியது இன்னொரு கூடை. சாயங்காலம் மேஸ்திரி வந்து கூடைக்குள் கையை விட்டு அள்ளிப் பார்ப்பார். பச்சைக் கூடையில் வெளிறிய காய் கிடந்தால் கூடையைச் சுளகில் கவிழ்த்துவிட்டு, “மறுபொறுக்கு” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போய்விடுவார். ஜன்னல் வரிசைக்கு மறுபொறுக்கு அபூர்வம். வெயில் இருக்கும்போதே அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கடைசி வரிசை மட்டும், உச்சிப்பொழுதில் தெரியாத நிறத்தைப் பொழுது சாயும் நேரத்தில் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதனால் அந்த வரிசைக்காரர்களிடம் ஒரு பழக்கம் தானாக வளர்ந்துவிட்டது. கண் செய்ய வேண்டியதை விரலிடம் கொடுத்துவிட்டார்கள். காயை உருட்டினாலே திரட்சியா, சூம்பலா, வெடிப்பா என்று விரல் சொல்லிவிடும். நிறத்தை மட்டும் விரலால் பார்க்க முடியாது. மேஸ்திரி பார்த்ததோ நிறத்தை மட்டும்.

தண்ணீர்ப் பானை ஜன்னலோரம் இருந்தது. கடைசி வரிசைக்குத் தாகம் எடுத்தால், ஜன்னலோரத்தில் யாராவது மனசு வைத்துக் கையில் ஊற்ற வேண்டும். மனசு வைக்கிறவள் பெரும்பாலும் சண்முகத்தாய்தான். மேஸ்திரியின் கொழுந்தியாள் அவள். பஞ்சம்மாளுக்கு மகளாகிற வயசு. ஆனாலும் பஞ்சம்மாளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், பஞ்சம்மாள் ‘தாயி’ என்றுதான் பதில் சொல்வாள்.

“ஏ பஞ்சம்மா, வா, கையை ஏந்து. வெரசாக் குடிச்சுட்டு நகரு. ஒன் நெழலு விழுந்து எனக்குக் காயே தெரியல.”

பஞ்சம்மாள் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். “ஒரு நெழலு விழுந்ததுக்கே தெரியலையாக்கும்? அப்ப எங்க பக்கம் வந்து ஒருநா உக்காந்து பாருங்க தாயி.”

“நான் அங்கன வந்தா மூக்கைப் பொத்தவே ரெண்டு கையும் போயிரும். பெறகு எதை வச்சுப் பொறுக்க? காலாலயா?”

“காலால பொறுக்குனா என்ன? மேஸ்திரி ஒங்க மச்சான்தான. காலுக்கும் சேத்துச் சம்பளம் போடுவாரு.”

ஜன்னல் வரிசையே சிரித்தது. சண்முகத்தாயும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பஞ்சம்மாள் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

அவள் புருஷன் ஒச்சாண்டி மலைக்குக் கூலிக்குப் போய், மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்து, ஒரு வாரம் போர்வைக்குள் நடுங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தவன். மிஞ்சியது ஒரே மகள், ராஜாத்தி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தாள். அதற்குமேல் படிக்க வைக்கப் பஞ்சம்மாளால் முடியவில்லை. வீட்டில் ஆடு பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒரு நாள் நிமிர்ந்து நின்றபோது அம்மாவை விட உயரமாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில் பஞ்சம்மாளின் கண்ணில் ஓயாமல் நீர் வடியத் தொடங்கியிருந்தது. கந்தகம் கொளுத்துகிற நாளில் சுவர் விரிசல் வழியாகப் புகை கசியும். மற்ற நாளில் இருட்டு. இரண்டுக்கும் நடுவில் கண் எவ்வளவு நாள்தான் பொறுக்கும்? காலையில் நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கொண்டு வருவாள். மத்தியானத்துக்குள் மறுபடியும் முந்தானை நனைந்துவிடும்.

மேஸ்திரி அதைக் கவனித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று சொல்ல முடியாது.

“ஏ பஞ்சம்மா, மக வளந்துட்டாளாம்ல. நீ கண்ணக் கசக்கிக்கிட்டுக் கெடக்கிறதுக்கு, அவள ஏத்தி விட்டுட்டு வீட்டுல இரேன்.”

“என் எடத்துலயாய்யா?”

“பெறகு என் எடத்துலயா?”

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஞ்சம்மாளுக்கு அந்தப் பதில் காலில் குத்திய முள்ளாகக் கூடவே வந்தது. மகள் வேலைக்கே போகக் கூடாது என்றெல்லாம் அவள் ஆசைப்படவில்லை. அவ்வளவு பெரிய ஆசையை வைக்க அந்தக் குடிசையில் இடம் கிடையாது. வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தன் அம்மாவின் கண்ணும் தன் கண்ணும் போனதோடு சரி, மூன்றாவதாக ஒரு ஜோடியை அந்தச் சுவருக்குக் கொடுக்கக் கூடாது.

ஆசைப்பட்ட நேரத்தில் வழி திறந்த மாதிரித்தான் முதலில் தெரிந்தது.

பெரியவர் காலமாகி, மகன் ஏசுதாசன் கிட்டங்கியைக் கையில் எடுத்திருந்தார். படித்தவர். குரலை உயர்த்தமாட்டார். திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அப்படி ஒரு திங்கட்கிழமை, ஜெபம் முடிந்ததும் அவர் கலைந்து போகச் சொல்லவில்லை.

“இனிமே இந்தக் கிட்டங்கியில ஜாதி பாத்து எடம் கெடையாது. ஆண்டவருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணு. வேலைத் தெறமை மட்டுந்தான் கணக்கு. இந்த வாரம் பூரா எல்லார் கூடையையும் நானே பாப்பேன். யாரு கூடை சுத்தமா இருக்கோ அவுக ஜன்னலோரம். அது யாரா இருந்தாலும் சரி.”

ஜன்னல் வரிசை தலையைக் குனிந்து கால்விரலைப் பார்த்தது. மேஸ்திரி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து, சாக்கடை தாண்டி, சேரிப் பாதைக்குத் திரும்பிய பிறகுதான் கடைசி வரிசை வாய் திறந்தது.

“அடியே, சண்முகத்தாயி நம்ம எடத்துக்கு வந்துட்டா, தண்ணி நாமல்லடி ஊத்தணும்?” என்றாள் ஞானபாக்கியம். வரிசையில் இளையவள், வேலைக்குச் சேர்ந்து அதிகக் காலம் ஆகாதவள்.

“ஊத்துவமே. ஓட்டு மேல ஏறி நின்னு ஊத்துவோம்.”

“மூக்கைப் பொத்துற கையில எப்படிடி அவ தண்ணி வாங்குவா?”

அப்படிச் சிரித்து அந்த வரிசை அதற்கு முன் வீடு திரும்பியதில்லை. பஞ்சம்மாள் அன்றைக்கு ஆட்டுப்பாலில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினாள். ராஜாத்திக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். “என்னத்தா விசேஷம்?” என்று மகள் கேட்டதற்கு, “குடி, சொல்றேன்” என்றாள். குடித்து முடித்த பிறகும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று பயம்.

அந்த வாரம் முழுக்க அவள் சுளகை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். ஒவ்வொரு காயாகத் தூக்கித் தொலைவில் தெரிகிற ஜன்னலுக்கு நேரே காட்டிப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் வேகம் போயிற்று. வேகமாகப் பார்த்தால் நிறம் போயிற்று. கந்தக அறை எப்போதும்போல் புகைந்துகொண்டிருந்தது. போட்டி நடக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஏசுதாசன் ஒவ்வொரு சாயங்காலமும் கூடைகளைத் தாமே பார்த்தார். யாருக்கும் சலுகை காட்டவில்லை. சண்முகத்தாயின் கூடையில் தப்பிக் கிடந்த காய்களைக்கூட எடுத்துக் காட்டி, “இது என்னம்மா?” என்று கேட்டார்.

சனிக்கிழமை முடிவு சொன்னார்கள். சுத்தமான கூடையெல்லாம் ஜன்னல் வரிசையில். அதற்கு அடுத்தது நடு வரிசை. கடைசி, கடைசி. ஓர் ஆள்கூட இப்படி அப்படி மாறவில்லை. ஏசுதாசனுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கையை விரித்தார்.

“நான் ஒண்ணும் செய்யலம்மா. கூடைதான் சொல்லுது.”

மேஸ்திரிக்கு வாய் நிறையச் சிரிப்பு. “பெரியவுக காலத்துல உக்கார வச்சது சரியாத்தான் வச்சிருக்காக போலய்யா. இனி யாரும் வாயத் தொறக்க முடியாதுல்ல.”

யாரும் திறக்கவில்லை. இத்தனை காலம் அந்த மூலையில் உட்கார்ந்தபோது, வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதிக்கொண்டே, “நம்மள இப்படி வச்சிருக்கான் பாரு” என்று திட்டிக்கொள்ள ஓர் ஆளாவது இருந்தான். இனி அதுவும் கிடையாது. பிறப்பால் உட்கார்ந்தவர்கள் அன்றைக்குப் பரீட்சையில் தோற்று உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பஞ்சம்மாள் யோசித்தாள். சண்முகத்தாய் தண்ணீர் ஊற்றும்போது சொன்னதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஒரு நிழல் விழுந்ததற்கே அவளுக்குக் காய் தெரியவில்லை. அப்படியானால்?

திங்கட்கிழமை ஜெபம் முடிந்ததும், எல்லோரும் உள்ளே போகப் பஞ்சம்மாள் மட்டும் வாசலில் நின்றாள்.

“என்னம்மா?” என்றார் ஏசுதாசன்.

“கூடை சொல்லுறது சரிதானுங்கய்யா. கூடை இருந்த எடத்தையும் ஒரு வார்த்தை கேக்கணும்ல?”

“புரியலையே.”

“ஜன்னலு அங்கன இருக்கு. நாங்க இங்கன இருக்கோம். களத்துல எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பாருங்கய்யா. ஒரே ஒருநா. வெயிலு எல்லாருக்கும் ஒண்ணுதான?”

மேஸ்திரி குறுக்கே வந்தார். “களத்துல காயி காயுறதா, இவுக உக்காந்து காயுறதா? போ, போயி வேலையப் பாரு.”

ஏசுதாசன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஜன்னலையும் மேற்குச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கட்டிய கட்டடத்தை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. “நியாயமாத்தான் இருக்கு,” என்றார். “நாளைக்கே வச்சுக்கிருவோம்.”

“அதுல நான் தேறிட்டேன்னா, எனக்குக் குடுக்குற எடம் எனக்குப் பெறகு என் மகளுக்கு வருமாய்யா? மத்தவுகளுக்கு வர்ற மாதிரி?”

“வரும். ஏன் வராம?”

இந்தத் தடவை பஞ்சம்மாள் மகளிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்ததால்தானே போன தடவை தோற்றோம் என்று ஒரு கணக்கு. ராஜாத்தி ஆட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு அம்மாவோடு வந்து, களத்துச் சுவருக்கு வெளியே நின்றாள்.

களம் என்றால் சிமெண்டுப் பூச்சுப் பூசிய பெரிய முற்றம். காலை வெயில் விழுந்து அது வெள்ளித் தாம்பாளமாக மின்னிக்கொண்டிருந்தது. வரிசை இல்லை. பாய்களை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பெண்கள் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் சண்முகத்தாய்தான், “எங்கன உக்காந்தா என்ன, பாயி எல்லாம் நம்ம முதலாளி பாயிதான” என்று சொல்லிவிட்டுப் பஞ்சம்மாளுக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தாள். மேஸ்திரி பல்லைக் கடித்தார்.

சுளகு வந்தது. காயைக் கொட்டினார்கள். பஞ்சம்மாள் குனிந்து பார்த்தாள்.

ஒன்றும் தெரியவில்லை.

தரையிலிருந்து எழுந்த வெளிச்சம் ஊசியாகக் கண்ணுக்குள் இறங்கியது. இமைத்தாள், கசக்கினாள், மறுபடி பார்த்தாள். சுளகு முழுக்க ஒரே வெள்ளை. எல்லாக் காயும் கந்தக அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தது போல இருந்தது. இத்தனை வருஷம் எந்த வெளிச்சத்துக்கு ஏங்கினாளோ, அது வந்து மடியில் உட்கார்ந்தபோது கண் அதை ஏற்க மாட்டேன் என்றது. நீர் தாரையாக வழிந்து சுளகில் சொட்டியது. சுற்றிலும் மற்றவர்கள் பொறுக்குகிற சலசலப்புக் கேட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் பஞ்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடியதும் விரல்கள் தானாக ஓடத் தொடங்கின. திரட்சி இங்கே, சூம்பல் அங்கே, வெடிப்பு அந்தக் கூடை. கந்தகச் சுவரோரம் உட்கார்ந்து எப்படிச் செய்தாளோ அப்படியே, கொளுத்துகிற வெயிலின் நடுவில் உட்கார்ந்து செய்தாள்.

“வெளிறினது… வெளிறினது… அத எடு,” என்று சண்முகத்தாய் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். பஞ்சம்மாளுக்கு எதை என்று தெரியவில்லை. சண்முகத்தாய் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டிப் பஞ்சம்மாளின் பச்சைக் கூடைக்குள் விட்டு, வெளிறிய காய்களை அள்ளி வெளியே போட்டாள்.

“சண்முகத்தாயி!” மேஸ்திரியின் குரல் களம் முழுக்கக் கேட்டது. “ஒன் சுளகப் பாரு. கண்டவ கூடையில கைய விட்டுக்கிட்டு.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கூடைகளைப் பார்க்கும் நேரம் வந்தது. கடைசி வரிசைக்காரர்களில் ஞானபாக்கியத்தின் கூடை மட்டும் சுத்தமாக இருந்தது. அவள் கண் கெட இன்னும் காலம் ஆகவில்லை. ஏசுதாசன் நிமிர்ந்து, அவளை ஜன்னலோரம் மாற்றலாமா என்கிற மாதிரி மேஸ்திரியைப் பார்த்தார்.

“வெயில்ல யாருக்குத்தான்யா கண்ணு தெரியாது?” என்றார் மேஸ்திரி. “நம்ம வேலை கட்டடத்துக்குள்ள. உள்ள உக்காந்து பொறுக்குறதுதான தெறமை?”

“பாப்போம்,” என்றார் ஏசுதாசன். அந்தப் பாப்போம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

பஞ்சம்மாளின் கூடைக்கு வந்தார். ஒரு கை அள்ளினார். பச்சையும் வெளிறலும் பாதிக்குப் பாதி கலந்து கிடந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது.

“வெளிச்சத்துலயும் இப்படித்தான இருக்கு, பஞ்சம்மா?”

“காயெல்லாம் நல்ல காயிய்யா. தொட்டுப் பாருங்க. ஒரு சூம்பல் இருக்காது.”

“இருக்காதுதான். ஆனா வாங்குறவன் கண்ணாலதான பாக்குறான்.”

பஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சொல்ல நினைத்தது எல்லாம் அவளிடம் இருந்தது. இந்தக் கண் எங்கே போயிற்று என்று கேட்கலாம். உங்கள் சுவர்தான் தின்றது என்று சொல்லலாம். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது? கூடைதான் சாட்சி. அது அவளுக்கு எதிராகப் பேசிவிட்டது.

ஏசுதாசன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஒரு முதலாளி தரையில் குந்தியதை அந்தக் கிட்டங்கி அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஒன் மேல ஒரு கொறையும் இல்லம்மா. இம்புட்டு வருசம் உழைச்சிருக்க. இனி வீட்டுல இரு. ஒன் எடத்த வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். யாரு வந்து கேட்டாலும் சரி. நாளைக்கே ஒன் மகள வரச் சொல்லு.”

சுற்றி நின்ற பெண்கள், “இப்படி ஒரு முதலாளி யாருக்கு வாய்க்கும்?” என்று பேசிக்கொண்டார்கள். அதில் பொய் இல்லை. அவர் நல்லவர். கெட்டவனாக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது போயிருக்கலாம்.

பஞ்சம்மாள் எழுந்தாள். சேலையை உதறினாள். காலடியில் இருந்த பச்சைக் கூடையைத் தலைக்கு மேல் தூக்கினாள். “அந்த எடத்த நீங்களே வச்சுக்கிருங்கய்யா. அந்தச் சுவருக்கு ரெண்டு தலைமுறைக் கண்ணக் குடுத்தாச்சு, மூணாவது கெடையாது!” என்று சொல்லி, கூடையைக் களத்தில் வீசி இறைத்தாள். காய் சிதறிய சத்தம் ரயிலடி வரை கேட்டது. வாசனை மெட்டு ஏறி மலைக்கே திரும்பிப் போயிற்று. மேஸ்திரி வாயிலிருந்த வெற்றிலை தானாகக் கீழே விழுந்தது. அவள் சுவருக்கு வெளியே நின்ற மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சேரிப் பெண்கள் அதுவரை நடந்தறியாத முன்வாசல் வழியாக, தலை நிமிர்ந்து வெளியே போனாள். ராஜாத்தி அந்தக் கிட்டங்கிப் பக்கம் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து நான் எழுதி வாசித்த இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த ராஜாத்தி இந்த இடத்தில் கையை நிறுத்தினாள்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. ஆத்தா காயை எறைக்கவும் இல்ல, கத்தவும் இல்ல. முதலாளியக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. ‘நல்லா இருங்கய்யா’ன்னு சொல்லுச்சு. மறுநா காலம்பற அதுதான் என்னையக் கூட்டிட்டுப் போயி விட்டுச்சு. வாசல்ல நிறுத்தி, ‘எடுத்த எடுப்புல உள்ள போயிராத. இங்கனயே செத்த நேரம் கண்ண மூடிக்கிட்டு நில்லு. பெறகு போனாத்தான் உள்ள இருட்டுல உள்ளது கொஞ்சமாச்சும் தெரியும்’னுச்சு. கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்த பெறகும் அப்படித்தான் நின்னுட்டு நின்னுட்டுப் போவேன்.”